‘கோல்ட் ரஷ்’ விமர்சனம்: பவுன் கணக்கு காட்டுகிறார்கள், ஐந்தொகை எங்கே?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ‘கோல்ட் ரஷ்’ ஓடுகிற வீடுகளில் எபிசோடு முடிந்ததும் வருகிற கேள்வி ஒன்றுதான்: “இவ்வளவு அள்ளுறாங்களே, கடைசியில கையில என்னண்ணே மிஞ்சும்?” கேட்க வேண்டிய கேள்வி. டிஸ்கவரி சேனலில் 2010 டிசம்பரில் தொடங்கி, சீசன் மேல் சீசனாக, ஓடைச் சரளையைத் தோண்டிக் கழுவித் தங்கம் எடுக்கும் குழுக்களைக் காட்டிக்கொண்டிருக்கும் இந்த நிகழ்ச்சி அந்தக் கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொல்வதில்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாலைந்து ஆட்கள், வாடகை இயந்திரம், குத்தகை நிலம் என்று இறங்கும் சின்னக் குழுவுக்குத் தங்கம் மட்டும் கட்டுப்படியாகாது. விலை உச்சத்தில் இருக்கும்போதுகூட மயிரிழையில்தான் தப்பும். தொழில் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்க இதைவிட நல்ல நிகழ்ச்சி இல்லை. லாபமா நட்டமா என்று தெரிந்துகொள்ள மட்டும் இதை நம்பக் கூடாது.

அளவை நம் கணக்குக்குக் கொண்டுவந்துவிடலாம். அவர்கள் எடை போடுவது டிராய் அவுன்ஸில். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், நம் பவுன் 8 கிராம். ஆக ஒரு அவுன்ஸ் 3.89 பவுன். மனசுக்குள் நாலால் பெருக்கிக்கொண்டே பார்த்தால் போதும்.

முதல் சீசனில் ஓரிகன் மாநிலத்தில் வேலையில்லாமல் இருந்த ஆட்கள் டாட் ஹாஃப்மன் தலைமையில் அலாஸ்காவின் போர்க்குபைன் ஓடைக்குப் போனார்கள். சீசன் முடிவில் தராசில் ஏறியது 14.64 அவுன்ஸ். பவுனில் 57. நம்மூரில் ஒரு கல்யாணத்துக்குப் போடும் நகை அளவு. ஒரு பெரிய பொக்லைனுக்கு ஐந்து மாதம் கொடுக்கும் வாடகைக்குக்கூட அது காணாது. அதே குழு மூன்றாம் சீசனில் கனடாவின் யூகான் பகுதியில் 803 அவுன்ஸ் எடுத்தது. 25 கிலோ, 3,100 பவுனுக்கு மேல். உடனே நாலாம் சீசனில் தென் அமெரிக்காவின் கயானா காட்டுக்குப் போய் 2 அவுன்ஸோடு திரும்பியது. எட்டுப் பவுன்கூட முழுசாக இல்லை. அதே நாலாம் சீசனில்தான் பார்க்கர் ஷ்னாபெல் என்ற பத்தொன்பது வயதுப் பையன் யூகானில் 1,029 அவுன்ஸ் எடுத்தான். 32 கிலோ, கணக்காக 4,000 பவுன். எட்டாம் சீசனில் அவனுடைய எடை 6,280 அவுன்ஸ், 195 கிலோ.

இந்த எண்களைக் கேட்டதும் வாய் பிளக்கும். ஆனால் இவை எல்லாமே வரவு மட்டும். முதலாளியின் கடையைப் பார்த்துக்கொள்ள பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன மேலாள் மூன்று வருஷக் கணக்கை முடித்து ஊர் திரும்பி, “இவ்வளவு வசூலாச்சு” என்று மட்டும் சொன்னால் எந்த முதலாளியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். பேரேட்டைப் புரட்டி, வரவு செலவு மீதி எல்லாம் சேர்ந்த ஐந்தொகை போட்டுக் காட்டு என்பார். ‘கோல்ட் ரஷ்’ பதினைந்து வருஷமாக வசூலை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. திரையில் வரும் டாலர் தொகை, எடையை அன்றைய விலையால் பெருக்கியது. டீசல், கூலி, குத்தகை, தேய்மானம் எதுவும் அதில் கழிக்கப்படவில்லை.

அந்த எடையிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. நகைக்கடையில் நிற்கிற எவருக்கும் இது உடனே பிடிபடும். தராசில் கொட்டுவது சுத்தத் தங்கம் இல்லை, ஆற்றுத் தங்கம். யூகான் கிளாண்டைக் பகுதித் தங்கத்தில் வெள்ளி கலந்தே இருக்கும். ஓடைக்கு ஓடை மாறினாலும் பொதுவாக 80 டச், அதாவது நூற்றுக்கு 80 பங்கு தங்கம் என்ற பக்கம் நிற்கும். நம் 916 நகைக்கும் கீழே, 19 கேரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை போடும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தட்டில் விழுவது பளபளப்பான மஞ்சள் இல்லை. தவிடு மாதிரி தட்டையான செதில்கள், மங்கின நிறம், நடுநடுவே மிளகுத் தூள் போலக் கறுப்புப் பொடி. அந்தக் கறுப்பு மேக்னடைட் என்ற இரும்புத் தாது. காந்தம் வைத்து எடுத்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், அதுவும் எடையில் சேரும். உருக்கி, சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பி, கூலி கழித்துக் கையில் வரும்போது திரையில் சொன்ன அவுன்ஸில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். செய்கூலி, சேதாரம் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதில்லை. நிகழ்ச்சியில்தான் சேதாரம் என்ற பத்தியே கிடையாது.

தொழில் நடக்கும் விதத்தைக் காட்டுவதில் நிகழ்ச்சிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கண்மாய் தூர்வாரும் இடத்தில் ஹிட்டாச்சி ஓடுவதையும் புதுக்கோட்டைப் பக்கம் ஜல்லி கிரஷர் ஓடுவதையும் பார்த்தவர்களுக்கு பாதி விஷயம் சொல்லாமலே விளங்கும்.

ஓடைத் தங்கம் அடிப்பாறைக்கு மேல் ஒட்டியிருக்கும் சரளையில்தான் இருக்கும். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3, சாதாரண மணல் 2.65. ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணீர் அலசினதில் தங்கம் கீழே இறங்கி, பாறை வெடிப்புகளில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேலே பல மீட்டர் வெறும் மண். கிளாண்டைக்கில் இந்த மேல்மண் பனியால் இறுகிய கருஞ்சேறு. வெயிலில் உருகினால் கொழகொழவென்று வழியும், உருகாவிட்டால் பாறை மாதிரி நிற்கும். புல்டோசரின் பின்னால் இருக்கும் இரும்புக் கொம்பால் கிழித்து, ஒரு அடுக்கை வெயிலில் உருகவிட்டு, வழித்துத் தள்ளி, அடுத்த அடுக்குக்கு இறங்க வேண்டும். அவசரப்பட்டு உறைந்த மண்ணில் கொம்பை இறக்கினால் பல் முறியும், இல்லையேல் டோசரின் ஃபைனல் டிரைவ் (சங்கிலித் தடத்தைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி) போய்விடும். அந்த ஒரு பாகம் போனால் வண்டி பல நாள் படுத்துவிடும். (அந்தக் கருஞ்சேற்றில் மாமூத் யானைத் தந்தங்கள் கிடைப்பதுண்டு. 2022 ஜூனில் யுரேகா ஓடையில் ஒரு மாமூத் குட்டி தோலோடு முழுசாகவே கிடைத்தது. ‘நன் சோ கா’ என்று பெயர் வைத்தார்கள். தங்கத்தைவிட அரிய சரக்கு அதுதான்.)

மேல்மண் நீக்கும் வரை ஒரு கிராம் தங்கம் வராது. குழுவின் பணம் முதலில் கரைவது இங்கேதான். நிகழ்ச்சியில் இந்த வேலை அரை நிமிடப் பின்னணி இசையில் ஓடிவிடும். நிஜத்தில் சீசனின் பாதி டீசல் இங்கே போகலாம்.

சரளை வந்த பிறகு கழுவு இயந்திரம். சரளையைத் தொட்டியில் கொட்டினால் அதிரும் சல்லடையோ, டிராமல் என்கிற சுழலும் உருளைச் சல்லடையோ பெரிய கல்லைப் பிரித்துத் தள்ளும். சின்னது தண்ணீரோடு ஸ்லூஸ் பெட்டிக்குப் போகும். பெட்டி என்பது சாய்வாக வைத்த நீளத் தொட்டி. அடியில் பாசி மாதிரியான பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் வலைத் தகடு, குறுக்கே ரிஃபிள் என்ற தடுப்புக் கம்பிகள். தண்ணீர் தடுப்பைத் தாண்டும்போது பின்னால் ஒரு சுழல் உண்டாகும். கனமானது அதில் விழுந்து விரிப்பில் சிக்கும், லேசானது ஓடிவிடும். தத்துவம் இவ்வளவுதான். கையில் வித்தை இருப்பது சாய்வையும் தண்ணீரையும் மண் அளவையும் ஒத்துப்போக வைப்பதில்.

சாய்வு கூடினால் பொடித் தங்கம் கழிவோடு போகும். குறைந்தால் மணல் கட்டி ரிஃபிள் மூடிக்கொள்ளும்; மூடின ரிஃபிள் மேல் தங்கம் சறுக்கிப் போய்விடும். பம்ப் பத்து நிமிடம் நின்று திரும்ப ஓடினால் முதல் வேகத்தில் பெட்டியில் தங்கினதே அடித்துக்கொண்டு போகலாம். லோடர்காரர் தொட்டியில் மொத்தமாகக் கொட்டிவிட்டுக் காத்திருப்பது இன்னொரு தப்பு. விட்டு விட்டுக் கொட்டினால் பெட்டி ஒரு நேரம் பட்டினி, ஒரு நேரம் அஜீரணம். களிமண் வந்தால் இன்னும் மோசம். உருண்டை உருண்டையாக உருளும் களி, போகிற வழியில் தங்கத்தை ஒட்டிக்கொண்டு நேராகக் கழிவில் போய் விழும். களிமண் நிலத்துக்கு அதிர்வுச் சல்லடையை விட டிராமல்தான் ஏற்றது, ஏனென்றால் அது உருட்டி உடைக்கும். இயந்திரம் வாங்கும் காட்சிகளில் இதை யாராவது சொல்கிறார்களா என்று பாருங்கள். “மணிக்கு இத்தனை யார்டு தள்ளும்” என்று மட்டுமே பேச்சு இருக்கும்.

1980களின் கடைசியில் யூகானிலேயே கதிரியக்கம் ஏற்றிய தங்கத் துகள்களைச் சரளையில் கலந்து ஓட்டி, எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு தப்புகிறது என்று சோதித்தார்கள். பெரிய கல்லைச் சலிக்காமல் ஓட்டுவது, ரிஃபிள் அமைப்பு பொருந்தாமல் இருப்பது, அளவுக்கு மிஞ்சி மண் ஊட்டுவது இவைதான் இழப்புக்குக் காரணம் என்று தெரிந்தது. கழிவுக் குவியலில் ஒரு தட்டு அள்ளி அரித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அனுபவசாலி தினம் அதைச் செய்வார். திரையில் ஒரு குழு மூன்று வாரம் ஓட்டிய பிறகு கழிவில் தங்கம் இருப்பதைக் கண்டு அதிர்ச்சி அடைகிறது என்றால், மூன்று வாரம் யாரும் அந்தத் தட்டை எடுக்கவில்லை என்று அர்த்தம்.

தங்கம் எடுக்கும் நாள் வந்தால் தண்ணீரை நிறுத்தி, தகடுகளைக் கழற்றி, விரிப்பைச் சுருட்டித் தொட்டியில் அலசுவார்கள். சுருட்டும்போது கவனியுங்கள்: நல்ல கை இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, தலைப்பக்கத்தில் இருந்து சுருட்டும். அவசரக் கை ஒரு ஓரத்தைத் தொங்கவிடும், கறுப்பு மணல் அதன் வழியே சொட்டும். அந்தச் சொட்டில் தங்கமும் உண்டு. பிறகு கறுப்பு மணலை அதிர்வு மேசையிலும் சுழல் தட்டிலும் ஓட்டிக் காந்தம் போட்டுக் காயவைத்தால் மீதிதான் தராசுக்கு வருவது.

இந்த இடத்தில் நம்மூர் பட்டறைத் தூசி அரிப்பவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. ஆசாரிமார் பட்டறையில் ராவின தூள், கூட்டின மண், கை கழுவின தொட்டியின் அடிவண்டல் எல்லாவற்றையும் எரித்து, இடித்து, தண்ணீரில் அரித்து, கடைசியில் வெங்காரம் போட்டு மூசையில் உருக்கி எடுக்கும் தொழிலும் இதே எடைத் தத்துவத்தில் நடப்பதுதான். அது கட்டுப்படியாகிறது, ஏனென்றால் அந்த மண்ணில் தங்கம் செறிவாக இருக்கிறது, மேல்மண் நீக்கும் செலவு கிடையாது. ஒரு விஷயத்தில் மட்டும் யூகான்காரர்களிடம் நாம் கற்க வேண்டும். அவர்கள் பாதரசம் தொடுவதில்லை. எல்லாமே எடையாலும் தண்ணீராலும்தான். இங்கே இன்னும் பாதரசத்தைக் கலந்து பிழிந்து, அடுப்பில் வைத்துப் புகைய விடுகிற இடங்கள் உண்டு. அந்தப் புகை நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. அதிர்வு மேசை ஒன்று வாங்கினால் பாதரசம் தேவைப்படும் வேலையில் பெரும்பகுதி குறையும்.

இனி நிகழ்ச்சி போடாத கணக்கு. கீழே வரும் எண்கள் ஒரு கற்பனைக் குழுவுக்கு நாங்கள் வைத்துப் பார்க்கும் எண்கள். எந்தக் குழுவின் பேரேடும் இது இல்லை. ஒவ்வொரு எண்ணையும் மாற்றி நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஐந்து ஆட்கள். ஒரு பொக்லைன், ஒரு டோசர், ஒரு லோடர், ஒரு கழுவு இயந்திரம். மணிக்கு 40 கன மீட்டர் சரளை, நாளுக்கு 10 மணி நேரம். மே நடுவில் பனி விட்டு அக்டோபரில் தண்ணீர் உறையும் வரைதான் சீசன். ரிப்பேர் நாள் போக 100 நாள் உண்மையில் ஓடுகிறது என்று வைப்போம். மொத்தம் 40,000 கன மீட்டர். கன மீட்டருக்கு 0.3 கிராம் தங்கம் என்பது சுமாரான நல்ல நிலம். அதாவது பத்து கன மீட்டர் ஏற்றும் டிப்பர் ஒரு லோடுக்கு மூன்று கிராம், அரைப் பவுன்கூட இல்லை. ஆக நிலத்தில் இருப்பது 12 கிலோ. பெட்டியில் 90 சதவீதம் பிடித்தால் 10.8 கிலோ. 80 டச்சுக்குக் கழித்தால் சுத்தத் தங்கம் 8.64 கிலோ, 1,080 பவுன், 278 அவுன்ஸ்.

செலவு. கழுவும் நேரத்தில் நாலு இயந்திரமும் பம்பும் சேர்த்து மணிக்கு 130 லிட்டர் டீசல். 1,000 மணி நேரத்துக்கு 1,30,000 லிட்டர். லிட்டர் 1.10 டாலர் என்றால் 1.43 லட்சம் டாலர். சரளை ஒன்றரை மீட்டர், மேல்மண் ஆறு மீட்டர் என்றால் ஒன்றுக்கு நாலு மடங்கு மண் தள்ள வேண்டும். அதற்கு இன்னொரு 1 லட்சம் டாலர் டீசல். கூலி ஐந்து பேருக்கு ஐந்து மாதம், தலைக்கு மாதம் 6,000 என்றால் 1.5 லட்சம். மூன்று இயந்திர வாடகை மாதம் 12,000 வீதம் 1.8 லட்சம். உதிரிபாகம், ஹோஸ், சங்கிலித் தடம், சல்லடை, பேரிங் 1.2 லட்சம். சாப்பாடு, முகாம், இயந்திரங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 60,000. கூட்டினால் 7.53 லட்சம் டாலர், நிலக்காரர் பங்கு இல்லாமலே.

நிலக்காரர் பங்கு 15 சதவீதம் என்று வைத்தால்: நிகழ்ச்சி தொடங்கிய 2010இல் ஒரு அவுன்ஸ் சராசரியாக 1,225 டாலர். 278 அவுன்ஸ் 3.4 லட்சம் டாலர். அதில் 51,000 நிலத்துக்கு. நட்டம் 4.6 லட்சத்துக்கு மேல். 2025 அக்டோபரில் விலை 4,000 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு வரவு 11.1 லட்சம், நிலத்துக்கு 1.67 லட்சம், மீதி 1.9 லட்சம் டாலர் லாபம். டீசலும் கூலியும் ஏறாமல் அதே இடத்தில் நின்றால்தான் இந்த லாபம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிலத்தில் 0.3க்குப் பதில் 0.2 கிராம் இருந்தால் என்ன ஆகும்? 185 அவுன்ஸ்தான் தேறும். 4,000 டாலர் விலையிலும் 1.23 லட்சம் நட்டம். கன மீட்டருக்கு நாலைந்து அரிசி மணி எடைதான் வித்தியாசம், லாபம் நட்டமாகிறது. ஆகவேதான் நிலத்தில் இறங்கும் முன் துளையிட்டுச் சோதிப்பது இந்தத் தொழிலின் உயிர். சோதனைத் துளைக்குப் பணம் இல்லை என்று சொல்லி இயந்திரத்துக்குப் பணம் கட்டும் குழு ஜெயிப்பது அபூர்வம்.

அதேபோல 100 நாள் 70 ஆனால்? டீசல் குறையும், ஆனால் வாடகை, கூலி, சாப்பாடு குறையாது. ரிப்பேரால் நாள் போனால் உதிரிபாகச் செலவு ஏறவே செய்யும். 4,000 டாலர் விலையிலும் வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஒரு ஹைட்ராலிக் பம்ப் போய் வண்டி பத்து நாள் படுத்துவிட்டது என்று திரையில் ஒருவர் தலையில் கை வைக்கும்போது நடிப்பு என்று நினைக்க வேண்டாம். சீசன் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பத்து நாளில் போகிறது.

பெரிய குழு ஏன் தப்பிக்கிறது என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. தள்ளும் மண் பல மடங்கு ஏறும்போது முகாம், மெக்கானிக், கொண்டுபோகும் செலவு அதே அளவுக்கு ஏறுவதில்லை. ஒரு இயந்திரம் படுத்தால் இன்னொன்று ஓடும். பார்க்கர் ஷ்னாபெல் வளர்ந்தது அப்படித்தான். யூகானில் நிலம் குத்தகைக்கு எடுத்து ஆரம்பித்தவர், பின்னால் 1.5 கோடி டாலர் போட்டு டொமினியன் ஓடையில் சொந்த நிலம் வாங்கினார். அவரையும் சின்னக் குழு என்று இந்த நிகழ்ச்சி காட்டுவது முதல் சில சீசனோடு முடிந்த கதை. 6,280 அவுன்ஸ் எடுத்தவரைப் பார்த்துவிட்டு நாலு நண்பர்கள் சேர்ந்து இறங்கினால் நமக்கும் அதுபோல வரும் என்று நினைப்பது தப்பு.

குத்தகையைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மேல்வாரம் வாங்கும் கைக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பெரிய கவலை இல்லை. யூகானில் நிலம் வைத்திருந்த டோனி பீட்ஸ் பார்க்கருக்கு அதை விட்டு, ஒவ்வொரு அவுன்ஸிலும் பங்கு வாங்கினார். இயந்திரம் ஓடும் செலவு அவருடையது இல்லை. யூகான் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகையோ பெயரளவுக்குத்தான்: அவுன்ஸை 15 டாலர் என்று பழைய விலைக்கு மதித்து அதில் இரண்டரை சதவீதம், அதாவது அவுன்ஸுக்கு 37.5 சென்ட். ஒரு காப்பிக் காசுகூட இல்லை. சின்னக் குழுவின் வருமானத்தைத் தின்பது அரசு இல்லை, நிலக்காரரும் டீசல்காரரும் இயந்திரம் விடுபவரும்தான்.

கேமராப் பணம் தனி. நிகழ்ச்சியில் வருபவர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பணம் கொடுக்கிறார்கள். அது எந்த எபிசோடிலும் வரவில் சேர்க்கப்படுவதில்லை. கயானாவில் 2 அவுன்ஸோடு திரும்பிய குழுவை யோசியுங்கள். கேமரா இல்லாத குழுவாக இருந்தால் அடுத்த வருஷம் யாரும் அவர்களுக்கு டீசல் கடன் கொடுத்திருக்க மாட்டார்கள். ஹாஃப்மன் குழு அடுத்த சீசனும் வந்தது, எட்டாம் சீசன் வரை நின்றது. அந்த நாலு வருஷ ஆயுளைத் தங்கம் மட்டும் கொடுத்தது என்று எங்களால் ஏற்க முடியவில்லை. நிகழ்ச்சி மேல் எங்களுக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். “டிவிப் பணம் இவ்வளவு, தங்கம் இவ்வளவு” என்று இரண்டு பத்தி போட்டுக் காட்டியிருந்தால் பார்க்கிற இளைஞர்களுக்கு அது பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

தங்கத்தைவிடத் தங்கத்தின் பேச்சு அதிகம் சம்பாதித்தது நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1880 வாக்கில் நீலகிரியின் பந்தலூர், தேவாலா பக்கம் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனிகள் வரிசையாகப் பங்கு விற்றன. சில வருஷத்திலேயே கவிழ்ந்தன. தங்கம் இல்லாமல் இல்லை. போட்ட முதலுக்கு ஈடாக வரவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் உழைத்த கோலார் வயல்கூட, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன பிறகு செலவு தாங்காமல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது.

“நம்ம ஊர் ஆத்துல ஒரு ஹிட்டாச்சிய விட்டுப் பாத்தா என்ன?” என்று கேட்பவர்களுக்கு: விடக் கூடாது. 1957ஆம் ஆண்டுச் சுரங்க, கனிமச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தங்கம் இருக்கிறது. குத்தகை உரிமம் இல்லாமல் தங்கத்துக்காக மண் தோண்டுவது குற்றம். அதோடு வைகையிலும் மணிமுத்தாற்றிலும் மணல் போனால் போவது நம் கிணற்றுத் தண்ணீர்.

பார்ப்பதா வேண்டாமா என்றால், கண்டிப்பாகப் பாருங்கள். முதல் சீசனையும் நாலாம் சீசனையும் அடுத்தடுத்துப் பார்ப்பது உத்தமம். ஒரே நிகழ்ச்சியில் தோற்கும் முறையும் ஜெயிக்கும் முறையும் தெரியும். இயந்திரம் ஓட்டும், பழுது பார்க்கும் பிள்ளைகளுக்கு ஹைட்ராலிக், பேரிங், பம்ப் பற்றி இவ்வளவு நேரடியாகக் காட்டும் தொடர் வேறு கிடையாது. பழுது வரும் காட்சியில் காரணத்தை அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிப் பாருங்கள். தொழில் காட்டுவதற்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறோம், கணக்குக்கு ஒன்றரை.

பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எடைக் காட்சியிலும் அவுன்ஸை எழுதி 0.8ஆல் பெருக்குங்கள். அந்த வாரம் இயந்திரம் ஓடிய நாட்கள், பேச்சில் வரும் யார்டு எண்ணிக்கை, படுத்த இயந்திரங்கள் மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். அவர்கள் சொல்லும் யார்டு கன யார்டு, அது 0.76 கன மீட்டர். நிலத்தின் தரத்துக்கு மட்டும் 0.8 வேண்டாம்: திரையில் காட்டின அவுன்ஸை 31.1ஆல் பெருக்கிக் கிராமாக்கி, கன மீட்டரால் வகுத்தால் வந்துவிடும். மூன்று வாரம் தொடர்ந்து 0.2 கிராமுக்குக் கீழே நின்றால் அந்தக் குழு நிலத்தை மாற்ற வேண்டிய நேரம். திரையில் அதை யார் முதலில் சொல்கிறார்கள், எத்தனை எபிசோடு கழித்துச் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.